ஒரு பாயிண்ட் போதும்

எங்கள் டீமில் இன்றைக்கு யார் யார் ஆடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் பட்டியல் வாசித்ததில்லை. ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் மைதான ஓரத்தில் ஒரு மர பெஞ்சில் உட்காருவேன். மடியில் ஒரு பழைய துண்டு, பக்கத்தில் பேண்டேஜ் சுருள்கள். யார் முகத்தைப் பார்த்துத் தலையசைக்கிறேனோ அவன் வந்து எதிரில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, காலை என் மடியில் நீட்டுவான். கணுக்காலைச் சுற்றி நான் கட்டுப் போட்டுவிடுவேன். கட்டுப் போட்டவன் ஆடுவான், மற்றவன் தண்ணீர் பாட்டில் தூக்குவான்.

எனக்கு முன்னால் கோச்சாக இருந்தவர் ஆரம்பித்துவைத்த பழக்கம் அது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியின் டீம் எங்களுடையது. ஜெர்சி சாயம் போயிருக்கும், பந்தில் காற்று நிற்காது, ஆனால் கட்டுப் போடுகிற துணிக்கு மட்டும் எங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை. கட்டுப் போடும்போதே ஒவ்வொருவனிடமும் அன்றைக்கு அவன் எங்கே நிற்கவேண்டும், யாரை விடாமல் பிடிக்கவேண்டும் என்று மெதுவாகச் சொல்லுவேன். பிடிக்கவில்லை என்றால் காலை நீட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். நீட்டிய பிறகு, கட்டை அவிழ்க்கும்வரை என் சொல்தான் அவன் ஆட்டம். இது எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் பதினைந்து வருஷத்தில் ஒருத்தனும் மீறியதில்லை.

நான் அதே கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப்லைட் எரியும், மேலே துணி ஓடும், எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே ஓட்டை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் மைதானத்துக்கும் போவேன். மற்ற கோச்சுகள் கோல் எப்படிப் போடலாம் என்று யோசிப்பார்கள். நான் எந்த ஓட்டை வழியாகக் கோல் விழும் என்று யோசிப்பேன்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன். ஜாக்கிரதையான மனுஷன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தான் என்று புரிய எனக்கு ஐம்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது. தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போனாலும் ஹெல்மெட் போடுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பி கேட்டைத் தாண்டிய பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றபடி, "நல்லா இழுத்துப் பாருங்க. ஆண்டவரு நமக்காகச் செத்த நேரம் காத்திருப்பாரு" என்பாள்.

என் ஆட்டமும் அந்தப் பூட்டு மாதிரிதான். பின்னால் ஐந்து பேர், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், எல்லாரையும் தாண்டி ஒரே ஒருத்தன். அந்த ஒருத்தன் என்றைக்காவது வழிதவறி வரும் பந்துக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் மைதானத்துக்குள் இறங்கினாலே பார்க்க வந்தவர்களில் யாராவது, "ஏலே, ஷட்டர இறக்குங்கல, சார் வந்துட்டாரு" என்று கத்துவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

முன்னால் தனியாக நிற்கும் அந்த ஒருத்தனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மம்சாபுரத்துக்காரன். எங்கள் கம்பெனியில் தறி ஓட்டினான். அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. அம்மா காட்டுவேலைக்குப் போய் வளர்த்த பிள்ளை. அதிகம் பேசமாட்டான், கேட்டதற்குப் பதில் சொல்லுவான், அவ்வளவுதான். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிர் டீம் கோல்கீப்பர் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவனைப் போல ஒரு ஃபார்வேர்டு இந்தப் பக்கத்தில் என் காலத்தில் வந்ததில்லை. இதை அவனிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் தலைக்கேறிவிடும் என்று ஒரு ஜாக்கிரதை.

ஆனால் அவனுக்கு ஒரு நல்லது செய்யப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் அரசு நிறுவனத்தின் டீமில் ஆள் எடுக்கிறார்கள், எடுத்தால் நிரந்தர வேலை என்று கேள்விப்பட்டு, அவன் பயோடேட்டாவை நானே டைப் செய்து அங்கே ஆள் பார்க்கிற அதிகாரிக்கு அனுப்பினேன். அந்த அதிகாரி ஒரு காலத்தில் எனக்கு எதிர் டீமில் ஆடியவர். அடுத்த வருஷம் என்றால் இவனுக்கு வயது தாண்டிவிடும், இந்த வருஷம்தான் கடைசி என்று போனிலும் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. அவன் தினமும் பயிற்சி முடிந்ததும், "ஏதாச்சும் தகவல் வந்துச்சா சார்?" என்று கேட்பான். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டான்.

மூன்று வருஷத்துக்கு முந்திய அந்த சீசனில் எங்கள் நிலைமை கேவலமாகிவிட்டது. மாவட்ட லீக்கில் ஏ டிவிஷனில் எட்டு டீம். கடைசி இரண்டு டீம் பி டிவிஷனுக்கு இறங்க வேண்டும். நாங்கள் ஆறாவது இடத்துக்கும் ஏழாவது இடத்துக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தோம். முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, "பி டிவிஷனுக்குப் போற டீமுக்கு நான் எதுக்குய்யா செலவு பண்ணணும்? கலைச்சிட்டுப் போயிருவேன். நீங்க ஜெயிக்கலாம் வேண்டாம், கீழ எறங்காம இருந்தாப் போதும்" என்றார். எனக்கு அது வரம் கொடுத்த மாதிரி இருந்தது. ஜெயிக்க வேண்டாம் என்று ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நான் இன்னும் இறுக்கினேன். பாதி மைதானத்தைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்று சுண்ணாம்புக்கோட்டைக் காட்டிச் சொன்னேன். ஒரு ஆட்டம் கோல் இல்லாமல் டிரா. அடுத்தது ஒன்றுக்குப் பூஜ்யம் தோல்வி. அதற்கடுத்ததும் அப்படியே. தோற்ற ஆட்டத்திலும் கோல் வாங்கிய பிறகுகூட நான் யாரையும் முன்னால் விடவில்லை. இரண்டு மூன்று வாங்கினால் அசிங்கம் என்று தோன்றியது. ஒன்றில் தோற்றாலும் மூன்றில் தோற்றாலும் பாயிண்ட் பூஜ்யம்தான் என்பது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். என்ன செய்ய, கை வரவில்லை.

கேப்டன் எங்கள் கோல்கீப்பர். சலவைப் பிரிவில் வேலை செய்கிற ஆள், முப்பத்தைந்து வயது, டீமிலேயே மூத்தவன். இரண்டாவது தோல்விக்குப் பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினான்.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பந்து பூரா நேரமும் எங்கிட்டதான் வருது. எம்புட்டுத்தான் பிடிக்க? பயலுக சலிச்சுப் போயிட்டானுக. அந்த மம்சாபுரத்துப் பயல செத்த முன்னால விட்டுப் பாருங்களேன். கூட ரெண்டு பேர விடுங்க."

"நீ கோல மட்டும் பாரு. டீம நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலமே டீமின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒவ்வொருத்தனாக வெளியேறினான். நான் சோறு தின்றுகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குரூப்பில் நானும், காலில் எலும்பு முறிந்து ஆறு மாதமாக ஊரில் இருந்த ஒரு பையனும் மட்டும் மிச்சம். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, அதுக்குள்ள எல்லாரையும் டிஃபென்ஸுக்கு அனுப்பியாச்சா?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த பயிற்சி ஆட்டத்துக்கு நான் போய் பெஞ்சில் உட்கார்ந்து துண்டை விரித்தேன். ஒருத்தனும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் கட்டுப் போட்டு, பூட்ஸ் மாட்டி, வரிசையாக நிற்கிறார்கள். கம்பெனியிலிருந்தே சுருள் எடுத்துவந்து அவர்களே ஒருவருக்கொருவர் கட்டிக்கொண்டுவிட்டார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. எனக்குக் கட்டுவதற்கு ஒரு கால்கூட இல்லை. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. உன் சொல்லுக்கு ஆடமாட்டோம் என்கிறார்கள். வெளி ஆட்களுக்கு இது ஒன்றுமே இல்லாத விஷயம். எனக்கோ நடுத்தெருவில் வேட்டியை உருவிய மாதிரி இருந்தது. துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் பாட்டுக்கு ஆடி ஐந்து கோல் போட்டார்களாம். பயிற்சி ஆட்டம்தானே என்று சொல்லி மனதை ஆற்றிக்கொண்டேன்.

கடைசி லீக் ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்களுக்குக் கீழே இருந்த டீம் தன் ஆட்டங்களையெல்லாம் முடித்திருந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் சம பாயிண்ட். நாங்கள் ஒரே ஒரு டிரா செய்துவிட்டால் ஒரு பாயிண்ட் கூடிவிடும், ஏ டிவிஷனில் தங்கிவிடுவோம். தோற்றால் கோல் கணக்கில் அவர்கள் எங்களை முந்திவிடுவார்கள், இறங்க வேண்டியதுதான்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், செக்கிங் மேஜையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. சென்னை அதிகாரி.

"நாளைக்கு மதுரையில ஒரு வேலையா வர்றேன். அப்படியே உங்க ஆட்டத்துக்கு வந்து பையனப் பார்த்துடறேன். ஒரு இடம்தான் இருக்கு, ஃபார்வேர்டுக்குத்தான். அவன்கிட்ட சொல்லிடுங்க, நல்லா விளையாடட்டும்."

"ரொம்ப சந்தோஷம் சார். சொல்லிடுறேன்" என்றேன்.

போனைப் பையில் போட்டேன். தறி செக்‌ஷன் என் மேஜையிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் வந்துவிடும். கண்ணாடிக் கதவு வழியாக அவன் தறிக்குப் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றைக்கு எவ்வளவோ காரணம் சொல்லலாம். உண்மை ஒன்றுதான். அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் இவன் தனக்காக ஆடுவான், முன்னால் ஓடுவான், பின்னால் ஓட்டை விழும், கோல் வாங்குவோம், டீம் இறங்கிவிடும். இப்படி ஒரு கணக்குப் போட்டேன். மதியம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மதியம், சாயங்காலம் என்றேன். சாயங்காலம், நாளைக்குக் கட்டுப் போடும்போது சொல்லிவிடலாம் என்றேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்தேன். அன்றைக்கும் அவர்களே கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் கொஞ்ச தூரத்தில் கூட்டமாக நின்றார்கள். கேப்டன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது மம்சாபுரத்துக்காரன் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தான். நான் தலையசைக்கக்கூட இல்லை. எதிரில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, காலை என் மடியில் நீட்டினான்.

அவன் நீட்டியதும் மற்றவர்களும் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்கள். கலகம் அவ்வளவில் முடிந்தது. நான் சொல்லி முடிந்ததல்ல, அவன் காலை நீட்டியதால் முடிந்தது.

கட்டைச் சுற்ற ஆரம்பித்தேன். குதிகாலில் ஒரு சுற்று, மேலே இரண்டு சுற்று. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது.

"இன்னைக்கு நீ முன்னால நிக்க வேண்டாம்" என்றேன். "அவங்க வலதுபக்கம் ஒருத்தன் வேகமா ஓடுதான். நீதான் அவனுக்கு ஈடு கொடுப்ப. பின்னால வந்து அவன மட்டும் பிடி. நமக்கு ஒரு பாயிண்ட் போதும்."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா சார்?"

"ஒண்ணுமில்லே. அவன விட்றாத."

"சரி சார்."

காலை உடனே எடுக்கவில்லை. நான் முடிச்சுப் போட்டு முடித்த பிறகும் செத்த நேரம் அப்படியே வைத்திருந்தான். "ம், போ, அடுத்த ஆளு" என்று நான்தான் அவன் முட்டியைத் தட்டினேன்.

எதிர் டீம் பட்டியலில் நடுவில் எங்கேயோ பாதுகாப்பாக இருந்த டீம். அவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். கோல்கீப்பர்கூட அன்றைக்கு மாற்று ஆள், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பயல். பத்து நிமிஷத்தில் எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்துவிட்டது. கேப்டன் கோலிலிருந்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். நான் உட்காரு என்று சைகை காட்டினேன். அவன் கோல்கீப்பர், உட்கார முடியாது. அந்த நேரத்தில் எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

அதிகாரி இடைவேளைக்கு முன்னால் வந்து என் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். ஒரு டீ குடித்தார். மைதானத்தைப் பார்த்தார்.

"எங்க நம்ம ஆளு?"

கையைக் காட்டினேன். எங்கள் கோலுக்குப் பக்கத்தில், வேகமாக ஓடுகிற அந்தப் பையனோடு ஒட்டிக்கொண்டு நின்றான். சொன்ன வேலையை அப்படியே செய்தான். அந்தப் பையனுக்கு ஒரு பந்துகூடக் கிடைக்கவில்லை. முன்னால் போக எத்தனையோ தடவை வழி திறந்தது, அவன் சுண்ணாம்புக்கோடு வரை வந்து பந்தை வேறொருவனுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினான். ஒரு தடவை கோட்டிலேயே நின்று என் பக்கம் பார்த்தான். நான் குனிந்து பேண்டேஜ் சுருளைச் சுற்றிவைக்கிற மாதிரி இருந்துகொண்டேன்.

இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும்போது அதிகாரி எழுந்தார்.

"ஃபார்வேர்டுன்னு சொன்னீங்களே. டிஃபென்ஸ்ல நல்லா நிக்கறான். ஆனா எங்களுக்கு டிஃபென்ஸ்ல ஆள் இருக்கு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். இவன் ஃபார்வேர்டுதான் சார், இருங்க, இப்பவே முன்னால அனுப்புறேன், பத்து நிமிஷம் பாருங்க என்று. ஆனால் அப்படிச் சொன்னால், ஏன் இவ்வளவு நேரம் பின்னால் நிறுத்தினீர்கள் என்று கேட்பார். என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"முன்னால வெளாடுறதுல அவனுக்கு இப்பக் கொஞ்சம் சுணக்கம் சார்" என்றேன்.

அவனிடம் மறைத்தது ஒரு தப்பு. டீமுக்காக என்று அதற்கு ஒரு சாக்காவது உண்டு. இந்த வாக்கியத்துக்கு என்ன சாக்கு? டீமுக்காகச் சொன்னதில்லை, முதலாளிக்காகச் சொன்னதில்லை. என் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ள, ஒரு பிள்ளையின் பிழைப்பை எடுத்து எறிந்தேன். அதிகாரி, "அப்படியா, பாவம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஏ டிவிஷனில் தங்கிவிட்டோம். முதலாளி போனில், "பரவால்லய்யா, காப்பாத்திட்ட" என்றார். நான் கடைக்கு ஓடிப்போய் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிவந்தேன். வேனில் ஏறி ஒவ்வொருத்தனாக நீட்டினேன். ஒருத்தனும் கை நீட்டவில்லை. கேப்டன், "பயமா இருக்குண்ணே, செரிக்குமோ செரிக்காதோ" என்றான். வேன் முழுக்கச் சிரித்தது. மம்சாபுரத்துக்காரன் மட்டும் சிரிக்காமல் ஒரு துண்டு எடுத்துக்கொண்டான். "நல்லாருக்கு சார்" என்றான். ராஜபாளையம் வந்து சேரும்வரை அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னோம். நாற்பது வருஷமாகச் சொல்கிற வார்த்தைகள், வாய் தானாகச் சொல்லும். அன்றைக்கு எனக்குப் பாதியில் சத்தம் வரவில்லை. பொதுவாகப் பாவம் செய்தேன் என்று கூட்டத்தோடு சொல்வது எவ்வளவு சுலபம். மம்சாபுரத்துக்குப் போய், ஒரு வீட்டு வாசலில் நின்று, இன்னது செய்தேன் என்று சொல்வதுதான் முடியாது. வெளியே வந்ததும் மனைவி, "உடம்பு சரியில்லையா?" என்றாள். வெயில் என்றேன். அவளிடம்கூட நான் சொல்லவில்லை.

அவனுக்கு அந்த வருஷத்தோடு வயது தாண்டியது. தறியிலேயே இருந்தான். கல்யாணம் ஆனது. பத்திரிகை வைக்க என் வீட்டுக்கு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

போன வருஷம் மழை நின்ற பிறகு, கம்பெனியில் எல்லாருமாக அய்யனார் கோவிலுக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் நல்ல வேகத்தில் வந்தது. பயல்கள் எல்லாம் இறங்கிக் குளித்தார்கள். நான் வழுக்கும் என்று இறங்கவில்லை. கரையில் நின்று ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லி, அங்க போகாத, இங்க நிக்காத என்று கத்திக்கொண்டிருந்தேன். கத்திக்கொண்டே ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குக் காலை வைத்தேன், பாசி வாரிவிட்டது. ஆற்றில் இறங்கியவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரையில் நின்றவனுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. கேப்டன், "டிஃபென்ஸ்ல ஓட்டைண்ணே" என்று தண்ணீருக்குள்ளிருந்தே சொன்னான்.

மம்சாபுரத்துக்காரன்தான் கரையேறி வந்தான். பையிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்தான். எங்கள் கம்பெனிக்காரன் எவன் பையிலும் சோப்பு இருக்கிறதோ இல்லையோ அது இருக்கும். எனக்கு எதிரில் ஈரத்துணியோடு உட்கார்ந்து, "கால நீட்டுங்க சார்" என்றான். அவன் மடியில் நீட்டினேன். நான் சுற்றுகிற மாதிரியே சுற்றினான், குதிகாலில் ஒன்று, மேலே இரண்டு.

குனிந்து சுற்றிக்கொண்டே சொன்னான், கோபம் ஒன்றும் இல்லாமல், மழையைப் பற்றிச் சொல்வது போலத்தான்.

"அன்னைக்கு மெட்ராஸ்லருந்து அவுக வாராகன்னு எனக்குத் தெரியும் சார்."



"எப்படில தெரியும்?"

"காலையிலயே போன் பண்ணாக. பஸ் ஸ்டாண்டுலருந்து கிரவுண்டுக்கு எப்படி வரணும்னு கேட்டாக. நீங்க அனுப்புன பயோடேட்டால என் நம்பர் இருந்துச்சே. சார்ட்ட நேத்தே எல்லாம் சொல்லிட்டேன்னாக."

"அப்ப ஏம்ல எங்கிட்ட கேக்கல?"

"நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன். கால நீட்டிக்கிட்டே இருந்தேன்ல சார்."

தண்ணீர்ச் சத்தத்தில் பயல்கள் கத்துவது கேட்டது. நான் அவன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் பின்னாலயே நின்ன? ஒரு தடவ முன்னால ஓடியிருக்கலாம்லா? யாரு உன்னப் பிடிச்சிருப்பா?"

அவன் நிமிர்ந்தான். நான் கேட்டது அவனுக்கு உண்மையாகவே விளங்காத மாதிரி இருந்தது.

"நீட்டிட்டேன்ல சார். பொறவு எப்படிப் போக?"

அவனுக்குத் தெரிந்தது பாதிதான். நான் மறைத்தது தெரியும். அதிகாரியிடம் நான் சொன்ன அந்த வாக்கியம் தெரியாது. இப்போது சொல்லிவிட வேண்டும், இனி இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். அவன் முடிச்சுப் போட்டான். என் காலை மடியிலிருந்து இறக்காமல் வைத்துக்கொண்டு, "இறுக்கமா இருக்கா சார்? ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றான்.

"ஒண்ணுமில்லே. சரியா இருக்கு" என்றேன்.

இந்த சீசனில் அவனை முன்னால் விட்டிருக்கிறேன். கூட இரண்டு பேரையும் விட்டிருக்கிறேன். கட்டுப் போடும்போது, "உன் இஷ்டத்துக்கு ஆடுல, கோட்டத் தாண்டிப் போ" என்கிறேன். சரி சார் என்கிறான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பின்னால் வந்து நிற்கிறான். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பெஞ்சிலிருந்து எழுந்து, "முன்னால போல, முன்னால போ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நான்கைந்து எட்டு போனான். சுண்ணாம்புக்கோடு வந்ததும் நின்றான். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "பழகிப்போச்சு சார்" என்றான். பிறகு பந்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளிவிட்டு, எங்கள் கோலை நோக்கித் திரும்பி ஓடினான்.